எங்கள் வீட்டில் யாரும் கிசுகிசுப்பதில்லை

“உன் மாமாவுக்கு அந்த வியாதி எப்படி வந்துச்சு? ரத்தத்துலயே இருந்துச்சா, இல்ல அவரா வரவழைச்சுக்கிட்டாரா?”

பள்ளியின் கடைசி வருடத்தில் பக்கத்து பெஞ்சுத் தோழி இப்படிக் கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தால்கூட எதையாவது எழுதிப் பக்கத்தை நிரப்புகிற ஆள் நான். அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. இப்போது பள்ளி முடிந்துவிட்டது. அடுத்து என்ன என்று முடிவாகவில்லை, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அந்தப் பதிலையாவது எழுதி முடிப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறார். தெருமுனைக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுவது அவர் வேலை. மேசை மேல் கம்பளம் விரித்து, கண்ணாடியைப் படுக்கவைத்து, அளவுகோலை ஒட்டி கட்டரை ஒரே இழுப்பாக இழுப்பார். எலி பிராண்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பிறகு மேசை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து. ‘டக்’கென்று இரண்டாகிவிடும். அந்த ‘டக்’கைக் கேட்டாலே முகம் மலர்ந்துவிடும் அவருக்கு. வேலை முடிந்ததும் கண்ணாடியில் தன் தலையைச் சரிபார்த்துக்கொள்வார். வழுக்கைத் தலையில் சரிபார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், “இருக்கிறதை எண்ணிப் பாக்கிறேன்மா” என்பார்.

எங்கள் வீட்டுக்குத் தெருவில் ‘மைக் செட் வீடு’ என்று பெயர். அடுப்படியில் உப்பு தீர்ந்தால் கடைக்காரருக்கே கேட்டுவிடும். இந்தச் சத்தத்துக்கும் மாமாவின் வியாதிக்கும் தொடர்பு இருக்கிறது.

நான் பிறப்பதற்கு முன்பே மாமா ஒரு பெரிய நகரத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அப்போது அவருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லையாம். வானத்தை முட்டும் கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிற வேலை. ஊருக்கெல்லாம் ஜன்னல் வைத்தவருக்குத் தங்கக் கிடைத்த அறையில் ஜன்னலே இல்லை. அந்த ஊர்ப் பேச்சு அவருக்குப் புரியவில்லை, அவர் பேச்சைக் கேட்டு மேஸ்திரி கேலி செய்தார். ஒரு வாரம் பகல் வேலை, அடுத்த வாரம் இரவு வேலை என்று மாறிக்கொண்டே இருந்ததில் தூக்கம் கெட்டுப்போனது. தூக்கம் வரும் என்று சொல்லி யாரோ கஞ்சாவைக் கையில் கொடுத்தார்கள். மனம்விட்டுப் பேச ஓர் ஆள் இல்லை.

பேச ஆளில்லாத இடத்தில்தான் குரல்கள் பேச ஆரம்பித்தன. இரண்டு பேர். அவர் எந்தக் கண்ணாடியைப் பொருத்தினாலும், “கோணல்” என்று ஒருவன் சொல்வான், “ஆமா, கோணல்” என்று மற்றவன் சிரிப்பான். மாமா ஒரே சட்டத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார். கடைசியில் மேஸ்திரியே பயந்துபோய் ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

மருத்துவர் பார்த்து, மனச்சிதைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை வேலை செய்தது, குரல்கள் மெலிந்தன. எங்கள் வீட்டார் அந்த நேரம் பார்த்து ஒரு காரியம் செய்தார்கள்.

சத்தம் கேட்டால் தம்பிக்கு ஆகாது என்று அம்மா தானாக முடிவு செய்துவிட்டார். அப்பா காலிங்பெல் ஒயரைப் பிடுங்கிப் போட்டார். குக்கர் விசில் சத்தத்துக்குப் பயந்து சட்டியில் சோறு வடித்தார்கள். விருந்தாளிகளை வாசலோடு அனுப்பினார்கள். ‘ரெஸ்ட் எடுக்கட்டும்’ என்று மாமாவுக்குப் பின்னறையைக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு முழுவதும் கிசுகிசுத்தது. நான் பேசக் கற்றுக்கொண்டதே ரகசியக் குரலில்தானாம்.

எல்லாம் பாசம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தலைக்குள் குரல் கேட்கிற ஒருவரைத் தனி அறையில் உட்காரவைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் காதோடு காதாகப் பேசினால் அவர் என்ன நினைப்பார்? மாமா மறுபடியும் சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தார். ஒருநாள் பின்னறைக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தார்.

“ஏன் எல்லாரும் என்னைப் பத்தியே பேசுறீங்க?”

அம்மா, “உன்னைப் பத்தி இல்லடா... தேங்காய் அழுகிப்போச்சுன்னு சொல்லிட்டிருந்தேன்” என்று கிசுகிசுத்தார்.

“தேங்காய் அழுகினதை எதுக்குக்கா ரகசியமா சொல்றே? அது யாருக்குத் தெரிஞ்சா என்ன?”

அப்பாதான் முதலில் சிரித்தாராம். அடக்க முடியாமல், பல நாள் கழித்து, வீடு அதிரச் சிரித்தாராம். மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “அத்தான், இப்படிச் சிரிங்க. நீங்க சிரிக்கிறது உங்க வாயிலருந்துதான் வருதுன்னு எனக்குத் தெரியணும்.”

அன்றோடு கிசுகிசுப்பு ஒழிந்தது. பெல் திரும்பி வந்தது, குக்கர் திரும்பி வந்தது. விருந்தாளிகள் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே திரும்பி வந்துவிட்டார்கள் என்பது அப்பாவின் புகார். மாத்திரையும் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாமா தேறினார், கடையில் வேலைக்கும் சேர்ந்தார்.

போன வருடம் அந்தக் கடைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு நூலகக் கட்டடம், முழுக்கக் கண்ணாடி. அதே நகரத்தில். நம்பி அனுப்ப முதலாளிக்கு மாமாதான் தோன்றினார்.

வீட்டில் மாநாடு கூடியது.

“செத்தாலும் அனுப்ப மாட்டேன்” என்றார் அம்மா.

“அக்கா, கண்ணாடியைத்தான் வைக்கோல் சுத்திப் பெட்டியில வைப்பாங்க. என்னை ஏன் வைக்கிறே?”

“மாப்ளே, அந்த ஊர்தானே உன்னைப் படுத்துச்சு?” என்றார் அப்பா.

மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. “போகட்டும் விடுங்க, பாவம்!” மாடி வீட்டு அக்கா.

“இது எங்க குடும்ப விஷயம்!” என்று மாடியைப் பார்த்துக் கத்தினார் அம்மா.

“அப்ப மெதுவாப் பேசுங்க!”

“அது மட்டும் முடியாது!” என்றோம் எல்லோரும்.

கடைசியில் மருத்துவரிடம் போனோம். நானும் போனேன். என்னிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியை அங்கே கேட்டேன். அவர் என்னைச் சின்னப் பிள்ளையாக நினைக்காமல் பதில் சொன்னார். அம்மாவின் பெரியம்மா ஒருவருக்கும் இது இருந்ததால் ரத்தத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் ரத்தம் மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. பெரிய நகரத்து நெருக்கடி, சொந்தங்களை விட்டுத் தனியாகப் போவது, வேற்றாளாக நடத்தப்படுவது, சின்ன வயதில் மனதில் பட்ட அடி, இளவயதில் கஞ்சா, இவை ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். பல சேர்ந்தால் இன்னும் கூட்டும். கெட்டுப்போன தூக்கம் எரிகிற நெருப்பில் எண்ணெய் மாதிரி. இத்தனையும் இருந்தும் பெரும்பாலானவர்களுக்கு வியாதி வருவதில்லை. ஆகவே இன்ன ஒன்றினால்தான் வந்தது என்று யாரையும் நோக்கி விரல் நீட்ட முடியாது.

“அப்ப கோடு முன்னாடியே விழுந்திருந்துச்சு, அந்த ஊர் வந்து அழுத்துச்சு. அப்படித்தானே டாக்டர்?” என்றார் மாமா.

“கிட்டத்தட்ட. ஆனா நீங்க கண்ணாடி இல்லையே. உடைஞ்ச பிறகும் எழுந்து நடந்து வந்திருக்கீங்க.”

“அப்ப நான் போகலாமா?”

“ஊரைப் பாத்து பயப்பட வேண்டாம். போன தடவை எப்படி இருந்தீங்களோ அப்படி இருக்காதீங்க. மாத்திரையை விடாதீங்க. அறை, தூக்கம், கூட ஆள், இதையெல்லாம் முதலாளிகிட்ட முதல்லயே பேசிடுங்க.”

இங்கேதான் சிக்கல். தெருவுக்கே தெரிந்திருந்தும், வேறு ஊரிலிருந்து வந்துபோகிற முதலாளிக்கு மட்டும் வியாதி விஷயம் தெரியாது. சொன்னால் பயணம் கைவிட்டுப் போகும், கூடவே வேலையும் போகலாம். சொல்லாமல் போனால் பழைய அறை, பழைய இருட்டு. “வாயை மூடிக்கிட்டு இங்கேயே இருடா” என்று அம்மா கெஞ்சினார்.

மறுநாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது, மாமா முதலாளியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வழக்கமான உரத்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். வியாதி, மாத்திரை, குரல்கள். “பகல் வேலை மட்டும் பாக்கிறேன். ஜன்னல் இருக்கிற அறை வேணும். கூட நம்ம ஆளுங்க ரெண்டு பேர் இருக்கணும். இவ்வளவுதான் முதலாளி.” முதலாளி துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். “யோசிச்சுச் சொல்றேன்” என்றார். அன்று மாமா தலையைச் சரிபார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் முதலாளி கணக்குப்பிள்ளையின் காதில் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். மாமா கட்டரைக் கீழே வைத்தார். சாப்பாட்டுத் தூக்கு என் கையிலேயே நின்றது.

“முதலாளி, என்னைப் பத்தித்தானே பேசுறீங்க?”

முதலாளி திருதிருவென்று விழித்தார். “ஆ... ஆமாப்பா. உன்னைப் பத்திதான்.”

மாமா என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. “பாத்தியா! இந்தத் தடவை நிஜமாவே என்னைப் பத்தித்தான்!”

“நல்ல ஜன்னலோட ரூம் பாக்கச் சொல்லிட்டிருந்தேன். நீ சங்கடப்படுவியேன்னுதான் மெதுவா...”

“சத்தமாச் சொல்லுங்க முதலாளி. எனக்கு அதுதான் உடம்புக்கு நல்லது.”

மாமா போனார். கூடப் போனவர்களில் ஒருவருக்குப் பட்டப்பெயர் ‘கொட்டாவி’. அவர் படுத்தால் அறையே தூங்கிவிடும். அம்மா தினமும் போனில் கத்தினார், மாமா அங்கிருந்து கத்தினார், போனே தேவையில்லை என்றார் அப்பா. ஒருமுறை உச்சிக் கண்ணாடியைப் பொருத்தும்போது, ‘கோணல்’ என்று லேசாகக் கேட்டதாம். மாமா இறங்கி வந்து கொட்டாவியிடம், “நீ ஏதாவது சொன்னியா?” என்று கேட்டிருக்கிறார். “நான் எங்கண்ணே சொன்னேன், கொட்டாவிதான் விட்டேன்.” “கண்ணாடி நேரா இருக்கா?” “நூல் பிடிச்ச மாதிரி இருக்குண்ணே.” “அப்ப சரி.” அன்றே மருத்துவரிடமும் போனில் பேசிவிட்டு, சாப்பிட்டுத் தூங்கினார். வேலையை முடித்துத் திரும்பினார். அந்த நூலகத்தின் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. சட்டம் போட்டு, கண்ணாடியும் போட்டு.

தோழிக்கு என் பதில் இதுதான். கொஞ்சம் ரத்தத்தில் இருந்திருக்கலாம். மீதிக்கு ஜன்னல் இல்லாத அறையும், கேலியும், கெட்டுப்போன தூக்கமும், கஞ்சாவும், பேச ஆளில்லாத தனிமையும் கை கொடுத்தன. அவராக வரவழைத்துக்கொள்ளவில்லை. ரத்தத்தை நம்மால் மாற்ற முடியாது. ஜன்னலை வைக்கலாம், கூட உட்கார்ந்து பேசலாம்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது புது ஊரில் தனி அறையில் இருந்தால், அல்லது யார் வீட்டிலாவது இந்த வியாதியைப் பின்னறையில் பூட்டி வைத்திருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். காதோடு வேண்டாம். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.