கஸ்மினா வீட்டுத் தரைகள்

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றாலும் முதலில் தலையைக் குனிய வேண்டும். கவர்னரே வந்தாலும் அப்படித்தான். மரியாதைக்காக இல்லை. கூரை இருந்த இடத்திலேயே இருக்கிறது, தரை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ரோப் என்று நாங்கள் சொல்கிற கடல் தண்ணீர், மழையே இல்லாத நாளில், வெயில் சுள்ளென்று காயும்போதே தெருவுக்குள் வந்து வீட்டை எட்டிப் பார்க்கும். அது எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் மண் லாரிக்குச் சொல்லிவிடுவோம். பழைய தரைமேல் மண்ணைக் கொட்டி, சிமெண்ட் பூசி, இனிக் கவலை இல்லை என்று உட்காருவோம். சில வருஷம் தாங்கும். பிறகு மறுபடியும் லாரி.

கடல் ஏறுகிறது என்று டிவியில் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. செமாராங் நகரம் முழுக்க ஆழத்தில் குழாய் இறக்கித் தண்ணீரை உறிஞ்சுகிறது, நிலம் அமுங்கிக்கொண்டே போகிறது. கடல் ஏறுவதைவிட வேகமாக நாங்கள் இறங்குகிறோம். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் மேட்டில் இருக்கிறார்கள், முழுகுகிறவர்கள் நாங்கள்.

கஸ்மினா எனக்குப் பக்கத்து வீடு. பண்டெங் மீனை வாழையிலையில் சுற்றி ஆவியில் வேகவைத்து சந்தைக்கு அனுப்புகிறவள். காலையில் அவள் அடுப்புப் புகை என் பலகைச் சுவர் இடுக்கு வழியாக வந்துதான் என்னை எழுப்பும். அவள் வீட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு தரைகள். வாசல் நிலையை ஒருமுறை பெயர்த்து மேலே ஏற்றினார்கள். அதற்கு மேல் ஏற்றச் சுவர் இல்லை. ஜன்னல் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவள் புருஷன் தர்முஜி நல்ல உயரம், படகு என்ஜின் பழுது பார்க்கிறவன். அந்த மனுஷன் தன் வீட்டுக்குள் நிமிர்ந்து நின்று வெகுகாலமாகிறது.

தரை ஏற்றுவதற்கு நாங்கள் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. சாம்பத்தான், அதாவது ஊர் கூடிச் செய்கிற வேலை, என்று சொன்னால் போதும், தெருவே வந்துவிடும். ஆண்கள் மண் சுமப்பார்கள், பெண்கள் சமைப்போம். கூலி கிடையாது, சாப்பாடு மட்டும். சமைக்கிற பாத்திரம் ஊரெல்லாம் சுற்றும், என் சட்டி உன் வீட்டில், உன் கரண்டி அவள் வீட்டில். இந்த வழக்கத்தால்தான் நான் திருடியானேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது தரை போட்டபோது கஸ்மினாவின் மகன் வாசிஸுக்கு மூன்று வயது நிரம்பியிருக்கவில்லை. ஒரே பிள்ளை, கால் தரையில் பாவாத பிள்ளை. சிமெண்ட் பூசி முடித்து எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து வாசலைப் பார்த்து ஒரே ஓட்டம். கடைசியாகப் பூசின வாசல் பக்கம் மட்டும் ஈரம், அங்கே வலது கால் பதிந்தது, ஐந்து விரலும் தெளிவாக. தர்முஜி கரணையை எடுத்துக்கொண்டு பூச வந்தான். புருஷனைக் காங் என்று கூப்பிடுகிற கஸ்மினா நடுவில் நின்றுகொண்டாள்.

"விடு காங். இருக்கட்டும்."

"தடுக்கி விழுவாங்க."

"விழுந்தா விழட்டும். என் பிள்ளை கால்ல விழுந்ததா இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்தோம். அந்தத் தடத்தில் மழைக்காலத்தில் துளி தண்ணீர் நிற்கும். வாசிஸ் பெரியவனான பிறகும் அதில் கால் வைத்துப் பார்த்து, "அம்மா, பத்தல" என்பான்.

ஒன்பது வயதில் அவனை டெங்கு கொண்டுபோனது. தேங்கின தண்ணீரில் கொசு வளராமல் வேறென்ன வளரும்? நகராட்சி வண்டி புகை அடித்துவிட்டுப் போனது, அவனை அடக்கம் செய்த பிறகு. எனக்கு இன்றைக்கும் அந்தப் புகை அடிக்கிற வண்டியைக் கண்டால் வயிறு எரிகிறது. அந்த வருஷ ரோப் வெள்ளத்தில் அலமாரி மிதந்தது. அவன் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. மயானமும் பிறகு கடலுக்குள் போய்விட்டது. கஸ்மினாவுக்கு மிஞ்சியது வாசலண்டை இருந்த அந்தக் கால் ஒன்றுதான். தினமும் வீடு துடைக்கும்போது அதைக் கடைசியாகத் துடைப்பாள். துணியை விட்டுவிட்டு, விரலால்.

அந்தத் தரைக்கும் தண்ணீர் வந்தது. மூன்றாவது தரை போட்டே ஆக வேண்டும். கஸ்மினா அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் டெமாக்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது தரை பளபளவென்று இருந்தது. வாசலில் நின்று புருஷனிடம் கேட்டாள்.

"மூடிட்டியா?"

"மூடியாச்சு."

"உன் கையால?"

"பின்ன யார் கையால?"

அந்த ஒரு பதிலுக்காக அவள் அவனோடு முகம் கொடுத்துப் பேசாத காலம் கொஞ்சமில்லை. சோறு போடுவாள், சட்டை துவைப்பாள். பேச வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள், நான்தான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு பேசினாள். ஆனாலும் கோபம் வந்தால் இது வந்துவிடும்: "என் பிள்ளை மேல சிமெண்ட் போட்ட கை இது." தர்முஜி வெளியே போய்ப் படகில் உட்கார்ந்துகொள்வான்.

அதே சாம்பத்தானில்தான் அவளுடைய எனாமல் பேசின் காணாமல் போனது. வெள்ளைப் பேசின், நீல விளிம்பு, கல்யாணச் சீர். அன்றைக்கு அவள் வீட்டுச் சமையலை நடத்தினவள் நான், முந்தியா. பழி யார் தலையில் விழும்?

"யூ முந்தியா, அந்தப் பேசினை நல்லா யோசிச்சுப் பாரேன்."

"என் வீட்டைச் சோதனை போடு மினா. போலீஸைக் கூட்டிட்டு வா."

"நான் அப்படியா சொன்னேன்? யோசிச்சுப் பாருன்னுதானே சொன்னேன்."

அக்கா அக்கா என்று யூ போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே என்னை இப்படி அரிந்தாள். என் வீட்டுக்கு வந்தால் கண் என் அடுக்களையைச் சுற்றும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவளுக்குத் தொலைந்தது பேசின் மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் பொறுத்தேன். பொறுத்தேன் என்றால், திருப்பி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் பொறுத்தேன்.

சில வருஷத்துக்கு முன்னால் அளவெடுக்க ஒரு இஞ்சினியர் பெண் வந்தாள். நல்ல பெண்தான். குனியத் தெரியாமல் கஸ்மினா வீட்டு நிலையில் நெற்றியை மோதிக்கொண்டாள். தைலம் தடவி, உட்காரவைத்து, காபி கொடுத்தோம். கடலோரமாகப் பெரிய அணை வருகிறதாம், அதன் மேலேயே சாலையாம், அதற்கு உள்ளே இருக்கிற ஊரெல்லாம் இனி நனையாதாம்.

"நாங்க உள்ளயா?" என்றேன்.

"இல்ல பூ," என்று அம்மா போட்டுச் சொன்னாள். "கோடு உங்களுக்குப் பின்னால வருது. இந்த வரிசை கடல் பக்கம்."

"நாங்க எப்பம்மா கடல் பக்கம் போனோம்? கடல்தான் எங்க பக்கம் வந்துச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாருக்கும் அடுக்கு மாடியில் வீடு தருவோம் என்றாள். தெரு முழுக்க அதையும் இதையும் கேட்டது. கஸ்மினா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தரையைத் தோண்டுவீங்களா?"

"எதுக்குத் தோண்டறது? அணையோட அடிவாரம் இது வரைக்கும் வரும், அப்படியே மேல கல்லைக் கொட்டிடுவோம்."

கஸ்மினா என் கையைப் பிடித்தாள்.

அன்றையிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. மற்றவர்கள் கதவைக் கழற்றினார்கள், தகரத்தைக் கழற்றினார்கள். இவள் தரையைக் காட்டி, கல்லைக் கொட்டுவதற்குள் அந்தக் காலை ஒருமுறை பார்க்க வேண்டும், பெயர்த்துக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்றாள். தர்முஜி சம்மதிக்கவே இல்லை.

"அங்க ஒண்ணும் இருக்காது மினா. மண்ணு மேல கொட்டி, தண்ணி ஊறி, கரைஞ்சிருக்கும். பாத்துட்டு அழுவே."

"அழறேன். உனக்கென்ன நஷ்டம்?"

"பழசைக் கிளறாதே."

"நீ தோண்டலன்னா நான் தோண்டறேன். நீ மூடின ஆளு, உன்கிட்ட கேட்டது என் தப்பு."

அவன் எழுந்து வெளியே போனான். படகுக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். கடப்பாறையோடு திரும்பி வந்தான்.

தண்ணீர் நன்றாக வடிந்திருக்கும் காலை நேரமாகப் பார்த்து ஆரம்பித்தார்கள். மத்தியானம் ரோப் திரும்பிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். வாசலுக்கு வலப்பக்கம், நிலையிலிருந்து ஒரு முழம். கஸ்மினா இடத்தைக் காட்டவே வேண்டியிருக்கவில்லை, அவன் நேராக அங்கேதான் கடப்பாறையை வைத்தான். நான் அதைக் கவனித்தேன். நான்காவது தரை உடைந்தது. மண், செங்கல் துண்டு, யாருடையதோ செருப்பு. மூன்றாவது தரை. அதற்குக் கீழே மண் சேறாக இருந்தது. குழியில் தண்ணீர் ஊற ஊற நான் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தேன். தர்முஜி கடப்பாறையைப் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கி, கையால் அள்ள ஆரம்பித்தான். ஏன் கையால் என்று கேட்க வாயெடுத்தேன்.

சேற்றுக்குள் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. வட்டமாக. நீல விளிம்பு.

பேசின். கவிழ்த்து வைத்திருந்தது. சுற்றிலும் களிமண் அப்பி, மேலே கிழிந்த ரப்பர் ஷீட். துரு ஏறி ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஆனாலும் அதேதான்.

கஸ்மினா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வாளியைக் கீழே வைத்தேன்.

தர்முஜி பேசினை மெதுவாகத் தூக்கினான். அடியில் கலங்கல் தண்ணீர் கொஞ்சம். அதைக் கையால் ஒதுக்கினான். கால் இருந்தது. குதிகால், உள்வளைவு, ஐந்து விரல், சுண்டுவிரல் சற்று ஒதுங்கி. நேற்றுப் பதிந்தது மாதிரி இருந்தது.

கஸ்மினா குழிக்குள் இறங்கி அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"ஏன் சொல்லல?" என்றாள், அவனைப் பார்க்காமல்.

"சொன்னா தோண்டச் சொல்லுவே."

"சொல்லியிருப்பேன்."

"தண்ணி வந்துட்டே இருக்கு மினா. எத்தனை தடவை தோண்டுவேன், எத்தனை தடவை மூடுவேன்? என்னால ஒரு தடவைக்கு மேல அவனை மூட முடியாது."

அவன் அழுது நான் பார்த்ததில்லை. பிள்ளையை அடக்கம் செய்த அன்றும் பார்க்கவில்லை. அன்றைக்குச் சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். கஸ்மினா சேறு படிந்த அவன் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"யூ," என்றாள் என்னிடம், "பேசின் கிடைச்சிடுச்சு."

"நல்லா யோசிச்சுப் பாரு," என்றேன். மூவரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

அதற்குள் தெருவில் தண்ணீர் வந்துவிட்டது. தர்முஜி உளியை வைத்து, தடத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டினான். அந்தக் காலத்தில் கையில் இருந்ததைக் கொண்டு கடல் மணலைக் கலந்து போட்ட சிமெண்ட். பெயர்த்துத் தூக்கும்போது குறுக்கே விண்டது. குதிகால் பக்கம் அவன் கையில் நின்றது. விரல் பக்கம் துண்டு துண்டாகச் சேற்றில் விழுந்தது. வாசலைத் தாண்டிக் குழிக்குள் தண்ணீர் கொட்டியது. மூன்று பேரும் துழாவினோம். எது சிமெண்ட், எது செங்கல் என்று தெரியவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது கஸ்மினாதான், "போதும் காங், ஏறு" என்றாள்.

இப்போது அங்கே கற்கள் கொட்டியாகிவிட்டது. அணைமேல் லாரிகள் ஓடுகின்றன. எங்களுக்கு ஐந்தாவது மாடி. தரை காய்ந்து கிடக்கிறது, பீங்கான் ஓடு, ஒரு சொட்டு ஈரமில்லை. கொசு குறைவு. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் குறைவு. குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் காலையில் கண் விழித்தால் மீன் வேகிற வாசனை இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. சில நாள் அந்த நாறின தண்ணீர் படியில் தட்டுகிற சத்தத்துக்காக எனக்கு நெஞ்சு ஏங்குகிறது. யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

வந்த புதிதில் நாங்கள் எல்லாரும் கதவண்டை வந்ததும் தலையைக் குனிந்துதான் நுழைந்தோம். அவ்வளவு உயரமான கதவு! காவலாளி பார்த்துப் பார்த்துச் சிரிப்பான். கொஞ்ச நாளில் பழக்கம் விட்டுப்போயிற்று. தர்முஜிகூட நிமிர்ந்து நடக்கிறான்.

கஸ்மினா அந்தக் குதிகால் துண்டைத் தன் புது வீட்டுக்குள் வாசலுக்கு வலப்பக்கம், நிலையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்திருக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு அது உடைந்த சிமெண்டில் ஒரு சின்னப் பள்ளம்.

"அப்பவும் வாசல் பக்கம்தானே ஓடினான்? அதே மாதிரி வெச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"இல்ல யூ. திருப்பி வெச்சிருக்கேன்."

"குதிகால்ல எது முன்ன, எது பின்ன?"

"எனக்குத் தெரியும். இப்ப உள்ள வரான்."

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வரும்போது பார்த்தேன். அந்த உயரமான கதவில் அவள் மட்டும் இன்னும் குனிந்துதான் நுழைகிறாள்.