எல். நினோ என்றொரு பெரிய மனிதர்

எல் நினோ மறுபடியும் வருகிறதாம். ஈப்போவில், சிலிபின் பகுதியில் இருக்கும் என் வீட்டில் துணி மடித்துக்கொண்டே செய்தியைக் கேட்டேன். பயம்கூட வரவில்லை, அலுப்பாகத்தான் இருந்தது.

சிறுவயதில் அதை ஓர் ஆள் என்று நம்பியிருந்தேன். அப்போது சுங்காய்ப் பக்கம், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அங்கே எல்லோர் பெயருக்கு முன்னாலும் ஓர் எழுத்து உண்டு. வானொலி சொன்னது என் காதில் எல். நினோ என்றுதான் விழுந்தது. அவருடைய அப்பா லெட்சுமணனாக இருக்க வேண்டும்.

மாமாவிடம் கேட்டேன். பழ லாரி ஓட்டும் அவருக்கு என்னைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது.

“பெரிய ஆளுலா பாப்பா! நம்ம பக்கத்துக் கடல்ல இருந்த சுடுதண்ணிய அந்தக் கோடிக்குத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு. மழையும் அவரு பின்னாலயே போயிருச்சு.”

பின்னாளில் பள்ளியில் படித்தபோதுதான் தெரிந்தது, கடலும் மழையும் உண்மை, ஆள் மட்டும்தான் மாமா கட்டிய கதை என்று.

ஓடை வற்றி, குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தது. மரங்களில் மட்டைகள் காய்ந்து தொங்கின. குலை வெட்டுவது அப்பாவின் வேலை. வெட்டுகிற குலைக்குத்தான் கூலி. காய்ப்பு நின்றால் ஈப்போவில் காவல் காக்கும் ஜாகா வேலைக்குப் போக வேண்டியதுதான், பிறகு மாதம் ஒருமுறைதான் வீடு என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மரங்களைப் பார்க்கக் காரில் ஒருவர் வந்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணியே அவர் முன்னால் கைகட்டி நின்றார். இவராகத்தான் இருக்கும் என்று நேரே போய் நின்றேன்.

“நீங்கதான் எல். நினோவா? எங்கப்பா ஈப்போவுக்குப் போகக் கூடாது. மழைய விட்டுருங்க.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “சரிம்மா, விட்டுர்றேன்,” என்றார். கிராணியும் சிரித்தார். குலைகளுக்கு நடுவே நின்ற அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

சில வாரங்களில் மழை கொட்டியது. சொன்ன சொல் தவறாத மனிதர் என்று பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஓடை நிறைந்தது, மட்டைகள் பச்சையாயின. அப்பாவும் எங்களோடுதான் இருந்தார். அவர் இனிப் போகமாட்டார் என்றே நினைத்தேன்.

அடுத்த வருடம், நல்ல மழைக்காலத்தில், அப்பா பையில் துணியை அடுக்கினார்.

“மழதான் வந்திருச்சே, ஏம்பா போறீங்க?”

“பழம் இல்லம்மா. எல்லாம் ஆண் பூவா நிக்குது, அது காய்க்காது.” பையின் ஜிப் சிக்கிக்கொண்டது. அதை இழுத்தபடியே சொன்னார்: “மழ வந்த சேதி மரத்துக்கு இன்னும் போகல.”

பஸ் போனதும் வீட்டுப் பின்னால் இருந்த செம்பனையிடம் ஓடினேன். முள் குத்தாத இடமாகப் பார்த்துக் கையை வைத்து, “மழ வந்திருச்சு, மழ வந்திருச்சு,” என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். மேலிருந்து தண்ணீர் என் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த வருடம் காய்ப்பதில்லை என்று அந்த மரம் போன வருடத்து வறட்சியிலேயே முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரியாது.