கியூமுலஸ் என்றால் குவியல்

இங்கே பர்மிங்ஹாமில் சலாம் சொல்வதற்குப் பதில் வானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் நேற்று வேலியில் சாய்ந்து, திரண்டு நின்ற வெண்மேகத்தைக் காட்டி, "கியூமுலஸ்" என்றார். லண்டனில் மருந்து செய்து விற்ற ஒருவர் வைத்த பெயராம். லத்தீனில் குவியல் என்று பொருளாம். வேறு பெயரே கிடைக்கவில்லையா அந்த மனிதனுக்கு? "எங்கள் கடை வாசலிலும் ஒரு குவியல் இருந்தது, எரித்தார்கள்" என்றேன். அவர் இலைச் சருகு என்று நினைத்துக்கொண்டு, "நானும் எரிப்பேன், நல்ல வாசனை" என்று சிரித்தார். எனக்கு இரத்தம் கொதித்தது. அவருக்கு என்ன தெரியும், பாவம்.

இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் எங்களுடையது புடவைக் கடை. சுவரோடு ஒட்டியது பண்டாவின் ஹாட்வெயார் கடை. பத்து வருஷம் ஒரே கேத்தலில் பிளேன்டீ குடித்தவர்கள் நாங்கள்; என்னை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார். முஸ்லிம் கடைகளை எரிக்கக் கும்பல் வந்த பகலில் நானும் மனைவியும் மூன்று வயது மகளும் மேல்மாடியில் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம். மகளின் வாயை மனைவி பொத்தியிருந்தாள். கீழே ஷட்டரைப் பிளந்தார்கள், கண்ணாடி நொறுங்கியது, பெட்ரோல் நெடி மேலே ஏறியது. அப்போது பண்டாவின் குரல், சிங்களத்தில்: "கடைக்குத் தீ வைக்காதீங்க, என் கடையும் சேந்து எரியும்! சாமானெல்லாம் ரோட்டுல குவிச்சு எரிங்க!" ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். சித்திரை வருஷ வியாபாரத்துக்கு எடுத்த துணிக் கட்டுகளைத் தன் தோளிலேயே சுமந்து போட்டார். சாரமும் சேலையும் ஆளுயரத்துக்குக் குவிந்தன. பிறகு ஒரே தீ. அந்தத் தோளை வெட்டிப் போட வேண்டும் என்று பல்லைக் கடித்தேன்.

ஊரடங்கு தளர்ந்ததும் பண்டா வாசலுக்கு வந்தார். ஒரு வார்த்தை பேச விடவில்லை, ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்தது. மறுபடி கையை ஓங்கினேன், அவர் தடுக்கவில்லை.

"நானா, மேல புள்ள இருந்திச்சி தானே," என்றார். "நீங்க ஏறினத நான் பாத்தது. என் கடை எரியும் எண்டு சொன்னாத்தான் அவனுங்க கேப்பானுங்க."

ஓங்கிய கை இறங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வெட்கம் என்னைத் தின்றது. விசா கிடைத்தபோதும் அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே விமானம் ஏறினேன்.

இன்று மகள் பாடசாலைப் படிவமொன்றை நீட்டினாள். அவசரத்துக்கு எங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் அவளைப் பொறுப்பெடுக்க வருகிறவரின் பெயர் வேண்டுமாம். பண்டாவின் பெயரை எழுதி, எண்ணையும் போட்டேன்.

"வாப்பா, இது சிறிலங்கா நம்பர் தானே. இவர் எப்பிடி வருவார்?"

படிவம் மேசையிலேயே கிடக்கிறது. அந்தக் கட்டத்தில் எழுத இந்த நாட்டில் எனக்கு இன்னொரு பெயர் இல்லை.