வருகிறேன் என்று சொன்ன பேச்சாளர்

எங்கள் லினக்ஸ் கணினி மாநாட்டில் பேச வரும் விண்ணப்பங்களைப் பெயரை மறைத்துத்தான் தேர்ந்தெடுப்போம். ஆள் பார்த்து எடுத்தோம் என்று பேச்சு வரக் கூடாது.

இந்த முறை எல்லோரும் மார்க் போட்டது ஒன்றுக்குத்தான்: 'கவனிக்க ஆளில்லாமல் சர்வரை ஓட்டுவது எப்படி'.

பெயரைத் திறந்தால், எர்ணாவூர்க்காரர். போனை எடுக்கவில்லை. 'வருவீர்களா? சாப்பாடு மீனா, கோழியா?' என்று மெயில் போட்டுவிட்டு, இன்று மதியம் நேரிலேயே போனேன்.

அவர் மனைவி கதவைத் திறந்தார். "அவரு தவறிப்போயி ரெண்டு வருசம் ஆவுது சார்."

"போன வாரம் விண்ணப்பம் அனுப்பியிருக்காரே?"

உள்ளே கைகாட்டினார். கட்டிலுக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் முனகிக்கொண்டிருந்தது. "அத்த மட்டும் நிறுத்தாதன்னாரு. ஓடிகினே கீது."

வருடாவருடம் தானாகவே விண்ணப்பம் போகும்படி புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்போது என் போனில் பதில் வந்தது. 'வருகிறேன். மீன்.'

அந்தம்மாவிடம் காட்டினேன். "ஆமா, கோயி துன்ன மாட்டாரு," என்றார், சாதாரணமாக.

மீன் சாப்பாட்டில் ஒன்று கூட்டிவிட்டேன். பேட்ஜ் நாளை அச்சுக்குப் போகிறது. பெயர் போடவா, வேண்டாமா?