வாய் திறக்காத மீன்

போடி ஏல மையத்தில் காசிராஜனின் முகத்தைப் பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. முதலாளிக்காக ஏலக்காய் கேட்டுப் பொத்தானை அழுத்துகிற மனிதர். சரக்கு மனசுக்குப் பிடித்துவிட்டால் இன்னும் தூங்குமூஞ்சியாக உட்கார்ந்துகொள்வார். அப்பேர்ப்பட்ட அழுத்தக்காரர் இன்று மலை மெட்டுக்கு மேலேயிருந்து வந்த நல்ல சரக்கைக் கோட்டை விட்டுவிட்டார். நினைப்பெல்லாம் வீட்டிலிருந்த மீன்மேல்.

மகன் இனியவனின் உப்புத்தண்ணீர்த் தொட்டி அது. மஸ்கட் கிளம்புவதற்குச் சற்று முன்புதான் இந்த வண்ணத்துப்பூச்சி மீனை வாங்கி விட்டிருந்தான். நீண்ட மூக்கு, மஞ்சள் பட்டை, மகாராணி மிடுக்கு. வந்ததிலிருந்து ஒரு வாய் தின்னவில்லை. வயிறு ஒட்டிப்போய்விட்டது.

போகாதே என்று அப்பாவும், போயே தீருவேன் என்று மகனும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். இப்போது அவன் தினமும் சாயங்காலம் கூப்பிடுவது மீனுக்காகத்தான். "சாப்டுச்சாப்பா?" "இல்லடா." அவ்வளவுதான் பேச்சு. மீன் செத்துப்போனால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். அந்தப் பயத்தில் காசிராஜனுக்குச் சோறு இறங்கவில்லை.

இறால் துணுக்கை இடுக்கியில் நீட்டினார். மீன் ஒதுங்கியது.

"தின்னு ஆத்தா, ஒன் காலப் பிடிக்கிறேன்." மீனுக்கு ஏது கால்?

"அது கெடக்கு, நீங்க மொதல்ல சாப்பிடுங்க," என்றாள் மனைவி பொற்கொடி.

சலித்துப்போய், சோற்றை மூடியிருந்த எவர்சில்வர் தட்டை எடுத்துத் தொட்டியின் கண்ணாடிமேல் வெளியே சாய்த்து வைத்தார். மீன் சடாரென்று திரும்பியது. முதுகுத் துடுப்பை விறைத்துக்கொண்டு கண்ணாடியை முட்டியது. பளபளத்த தட்டுக்குள் இன்னொரு மீன்!

காசிராஜனுக்கு உறைத்தது. சீந்துவாரில்லாத சரக்கும் எதிராளி கண் வைத்துவிட்டால் எகிறுவதை அவர் தினமும் பார்க்கிறாரே! துணுக்கைத் தட்டுப் பக்கமாகக் கொண்டுபோனார். மீன் முறைத்தது. லபக்கென்று கவ்வியது. துப்பியது. எதிராளி எடுத்துவிடுவானோ என்று மறுபடி கவ்வி விழுங்கியது.

"ஏய் பொற்கொடி, வெரசா வா! தின்னுட்டா!"

அந்நேரம் போன் அடித்தது. வீடியோவில் மீனைக் காட்டினார். மகன் குதித்தான். "அப்பாடா! இனிமே தெனமும் கூப்பிட்டு ஒங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்ப்பா."

காசிராஜன் ஏல மையத்து முகத்தை மாட்டிக்கொண்டார். "சரிப்பா. ஒன் சோலியப் பாரு."

பொற்கொடி போனைப் பிடுங்கினாள். "மீனு தின்னுருச்சு. அதுக்குக் காவலிருந்த ஒங்கப்பன் ஒழுங்காச் சாப்பிட்டு எத்தன நாளாச்சுன்னு கேட்டியாடா?"

மஸ்கட்டில் மகன் குதிப்பதை நிறுத்தினான். பிறகு, "அப்பா, தட்ட எடுங்க. நீங்க சாப்பிடுறதப் பாத்துட்டுத்தான் போன வைப்பேன். நாளைக்கும் கூப்பிட்டுக் கேப்பேன்."

காசிராஜன் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அவசரப்படாமல் மென்றுகொண்டே இருந்தார். மகன் போனை வைக்காமல் காத்திருந்தான்.