மரூசோ அவித்த கோதுமை

கப்பலை விட்டு இறங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்துவிட்டு வருகிறார்கள். உள்ளூர்க்காரன் எங்கே சாப்பிடுகிறானோ அங்கே போய் உட்கார வேண்டுமாம். அங்கேதான் அசல் சாப்பாடு கிடைக்குமாம். அதை நம்பி என் கடையைத் தாண்டிப் போவார்கள். துறைமுகத்தின் அந்தப் பக்கத்துக் கடையில், கறுத்துப்போன எண்ணெயில் பொரித்த கணவாயைத் தின்றுவிட்டு, ஆகா ஓகோ என்று படம் எடுத்துக்கொள்வார்கள். அங்கே உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்திருப்பது உண்மைதான். ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை சீட்டாடுகிறவர்கள் அவர்கள்.

என் கடையில் உள்ளூர்க்காரர் ஒருவரும் பதினோரு வருடமாகச் சாப்பிட்டதில்லை. காரணம் என் அடுப்படியில் நின்ற மரூசோ.

அவளைப் போலச் சமைக்க இந்தத் தீவில் ஆளே இல்லை. சனிக்கிழமை மாலை மண்சட்டியில் கொண்டைக்கடலையும் வெங்காயமும் எண்ணெயும் போட்டு, மூடியை மாவால் ஒட்டி விறகு அடுப்பில் வைத்தாள் என்றால், ஞாயிறு மதியம்தான் திறப்பாள். வாசலில் போகிற நாய்கூட நின்றுவிடும். மலைக்கீரையைத் தானே பறித்து வருவாள். வழி தவறி என் கடைக்குள் நுழைந்த வெளிநாட்டுக்காரன் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, கடையில் ஏன் கூட்டமே இல்லை என்று கேட்பான். நான் கையை விரிப்பேன்.

மரூசோவின் புருஷன் பந்தெலிஸ் படகுக்காரன். பதினோரு வருடத்துக்கு முன்னால், எதிரே இருக்கிற குட்டித்தீவுக் கோயிலின் திருவிழாவுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனான். பன்னிரண்டு பேர் ஏற வேண்டிய படகில் இருபத்து மூன்று பேர். பாதி வழியில் கவிழ்ந்தது. மூன்று பேர் போனார்கள். அதில் ஒருவன் சிதேரிஸ், என் மனைவி கலியோபியின் ஒரே தம்பி.

பந்தெலிஸ் இரண்டு வருடம் சிறையில் இருந்தான். அவன் திரும்பி வந்தபோதும் ஊர் அவனோடு பேசவில்லை. மரூசோ கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை என்று எல்லோரும் இருந்தார்கள். அவன் சிறைக்குப் போன வாரமே அவளைத்தான் நான் வேலைக்கு வைத்தேன். ஊரில் இரக்கம் என்று சொல்லிக்கொண்டேன். கலியோபியிடம், சம்பளம் குறைவு என்றேன்.

"வெச்சுக்கோ. ஆனா அவ கை பட்டது ஒண்ணும் என் வீட்டு வாசப்படி தாண்டக்கூடாது. நீயும் திங்கக்கூடாது" என்றாள் கலியோபி.

கலியோபிக்குத் தெரிந்து நான் தின்றதில்லை.

போன ஆகஸ்டில் பந்தெலிஸ் செத்தான். பெட்டியைத் தூக்க ஊரில் ஒரு தோள் கிடைக்கவில்லை. பாதிரியார் கெஞ்சிக் கூட்டி வந்த துறைமுகக் காவலர்கள், வெளியூர்ப் பிள்ளைகள், தூக்கிப் போனார்கள். எங்கள் ஊரின் மேல் எனக்கு அன்று வந்த வெறுப்பு கொஞ்சமல்ல. ஆனால் நானும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதாம் நாள் நெருங்கியதும் மரூசோ மாதுளை உதிர்த்தபடி சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை கொலிவா வெக்கிறேன், முதலாளி. ரெண்டு கிலோ கோதுமை அவிக்கப் போறேன்."

"ரெண்டு கிலோவா? யாரு திங்கப் போறா, சிட்டுக்குருவியா?" என்றேன். என் வாய் அப்படி.

அவள் கோபப்படவில்லை. "ஒருத்தராச்சும் வரமாட்டாங்களா? ஊர்க்காரங்க ஒரு வாய் போட்டுக்கிட்டு, 'தேவன் அவனை மன்னிக்கட்டும்'னு சொன்னாத்தானே அவருக்குப் போய்ச் சேரும். ஒருத்தர் போதும் எனக்கு."

செத்தவருக்காகக் கோயிலில் பங்கிடும் கொலிவாவைத் தின்றவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்ல மனமில்லாதவர் தொடவே கூடாது. அதுதான் எங்கள் வழக்கம்.

ஞாயிறு பூசை முடிந்தது. மரூசோ கோயில் வாசலில் தாம்பாளத்தோடு நின்றாள். அவித்த கோதுமையில் மாதுளை, பாதாம், பட்டைப் பொடி. மேலே வெள்ளைச் சர்க்கரையைப் பரப்பி, வெள்ளி மிட்டாயால் புருஷனின் பெயர் எழுதியிருந்தாள். சனம் வெளியே வந்தது. ஒவ்வொருவராகத் தாம்பாளத்தைக் கடந்து போனார்கள். ஒருத்தி செருப்பைப் பார்த்துக்கொண்டே போனாள். இன்னொருவன் வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். நீட்டிய கரண்டியை மரூசோ இறக்கவேயில்லை.

அப்போது நான்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். அசல் ஊர்ப் பழக்கத்தை எங்கே பார்க்கலாம் என்று முந்தின நாள் என்னைக் கேட்டவர்கள்; ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போங்கள் என்று நான்தான் அனுப்பியிருந்தேன். பக்கத்தில் நின்ற என்னிடம், இது என்ன பலகாரம் என்று கேட்டார்கள். செத்தவருக்கு வைத்தது என்றேன். உடனே தொப்பியைக் கழற்றினார்கள். தின்றால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அர்த்தம் சொல்லி, எங்கள் பாஷையில் அந்த மூன்று சொல்லையும் சொல்லிக்கொடுத்தேன். நால்வரும் ஒரு வாய் போட்டுக்கொண்டு, நாக்கு தடுமாறச் சொன்னார்கள். நல்ல மனிதர்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அவர்கள் போனதும் மரூசோ மெல்லச் சொன்னாள்: "இவங்களுக்கு அவரைத் தெரியாது, முதலாளி. எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தீங்க. நீங்க சொல்லலையே?"

"கலியோபி பாக்கறா" என்றேன். அவள் கோயில் படியில் நின்றிருந்தாள்.

"அன்னிக்குப் படகுல அந்த அண்டாவை ஏத்தினது யாருன்னு அவரு என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. கோர்ட்ல அத்தனை கேட்டும் வாயத் தொறக்கல."

அன்றைக்குத் திருவிழா விருந்துக்கு ஆட்டுக்கறி சமைத்தவன் நான். செப்பு அண்டா நிறையக் கறி. இனி ஒரு பூனை ஏறினாலும் கவிழும் என்று பந்தெலிஸ் கத்தினான். சாமிக்குச் சமைத்ததைக் கரையில் விட்டுவிட்டா போவது என்று நான்தான், சிதேரிஸை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, ஏற்றினேன். பாட்டும் கூச்சலுமாக இருந்த கூட்டம் அதைக் கவனிக்கவில்லை. சிதேரிஸ் அதைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். படகு சாய்ந்தபோது அண்டா அவன் மேலேதான் உருண்டது. நான் நீந்திக் கரை சேர்ந்தேன். அதைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கலியோபி எங்களை நோக்கி வந்தாள். அவள் வருவதைக் கண்டு போனவர்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மரூசோ கரண்டியை நீட்டினாள். கலியோபி வாங்கினாள். நிறைய அள்ளி, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"ருசியா இருக்கு" என்றாள். "கேட்டுக்கிட்டியா? ருசியா இருக்கு. என் வாயில இருந்து உனக்கு அவ்வளவுதான் வரும்." என் பக்கம் திரும்பி, "வாய்யா போலாம்" என்றாள்.

ஒரே ஒரு வார்த்தையில் மரூசோ என்னை அங்கேயே சாய்த்திருக்கலாம். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் கலியோபியின் பின்னால் நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானக் கப்பலில், பிரேயஸில் இருக்கும் தங்கை வீட்டுக்கு மரூசோ ஒரேயடியாகக் கிளம்பினாள். நான் துறைமுகத்துக்குப் போனேன். அவள் பையைக்கூட என்னிடம் தரவில்லை.

"மரூசோ, அன்னிக்கு நான்..."

"விடுங்க, முதலாளி." அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க கண்ண மூடிட்டா எனக்கு ஒரு சேதி அனுப்பச் சொல்லுங்க. நான் வந்து ஒரு வாய் போட்டுக்கிட்டு, உங்களுக்காகச் சொல்றேன்."