எங்கள் ஹாலில் ஒரு கடல்

தி.நகரில் பல் வைத்தியம் பார்க்கப் போன இடத்தில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. டாக்டரின் காத்திருப்பு அறையில், வழக்கமாக டிவி மாட்டியிருக்கும் இடத்தில், ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. பிளாஸ்டிக் செடியும் தங்கமீனும் போட்ட தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே ஒரு பாறை. அதன்மேல் பச்சையும் ஆரஞ்சுமாகப் பூப்பூவாக ஏதோ அசைந்துகொண்டிருந்தது. பூ இல்லையாம், பவளம் என்கிற பிராணியாம்! என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது, "ஒரு நிமிஷம் இருங்கோ" என்று சொல்லிவிட்டு மூக்கு தொட்டியில் இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போனேன். வீங்கிய கன்னத்தோடு யாரும் இவ்வளவு சந்தோஷமாக நின்றிருக்க மாட்டார்கள்.

மரத்துப்போன வாயோடு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கணவரிடம் கேட்டேன்.

"ஏன்னா, நம்மாத்துல ஒரு கடல் வைக்கலாமா?"

அவர் பேப்பரை இறக்காமலே, "ஊசி ஜாஸ்தியா போட்டுட்டாளா?" என்றார்.

மந்தைவெளியில் எங்களுடையது இரண்டு படுக்கையறை ஃபிளாட். பிள்ளை வேலைக்கென்று வெளியூர் போய்விட்டான். நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள், அவர் ஆடிட்டர் ஆபீசுக்குப் போகிறவர். இருவருக்கும் நடுவில் ஒரு காலி ஹால். அந்த ஹாலுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டால் நான் லேசில் விடுகிற ஜாதி இல்லை. காலை காப்பியோடு ஆரம்பித்து ராத்திரி மோரில் முடிப்பேன். பத்துப் பதினைந்து நாள் என் நச்சரிப்பைத் தாங்கியவர், கடைசியில் டம்ளரை டங்கென்று வைத்தார்.

"சரி, வை. ஆனா ஒண்ணு. நம்மளால ஒரு உசிர் போனாலும் இந்தத் தொட்டி இந்த ஆத்துல இருக்கப்படாது. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"வயசாகிப் போனா?"

"அது பகவான் கணக்கு. நம்மளால போகப்படாது. சம்மதமா?"

இருந்த உற்சாகத்தில் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பேன். சம்மதம் என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போனதும்தான் உறைத்தது. தெரியாத்தனமாக ஒரு நத்தை செத்தால்கூட எல்லாம் போச்சே!

அடையாறில் ஒரு கடை. அதன் சொந்தக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேடம், நல்ல தண்ணி மீனு வச்சிப் பழகிட்டு அப்பால இதுக்கு வாயேன்" என்றார். "அதெல்லாம் முடியாது, இதுதான் வேணும்" என்றேன். "இன்னா அவசரம் உனுக்கு!" என்று சிரித்துக்கொண்டே தொட்டி, பம்ப், விளக்கு, உப்பு மூட்டை என்று எடுத்து வைத்தார். நம் கடலிலிருந்து பவளம் எடுப்பது குற்றம் என்று படித்திருந்ததால், நான் கேட்ட முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். வெளிநாட்டில் தொட்டியிலேயே வளர்த்து அனுப்புகிற மென்பவளம் என்று காகிதத்தை எடுத்துக் காட்டினார். அப்புறம்தான் என் கைப்பையைத் திறந்தேன்.

உப்பு மூட்டையைப் பார்த்ததும் என் கணவருக்கு வந்ததே கோபம்!

"கடல் பத்து நிமிஷத்துல இருக்கு. காசு குடுத்து உப்பு வாங்கிக் கரைக்கற ஒரே ஜீவன் இந்த மந்தைவெளியில நீதான்."

"அந்தக் கடல்ல கூவமும் கலக்கறது, அடையாறும் கலக்கறது. அதைக் கொண்டுவந்து ஊத்தட்டுமா?"

அவர் மறுபடி பேப்பருக்குள் புகுந்துகொண்டார். ஆனால் தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின் வந்து இறங்கியபோது மறுபடி ஆரம்பித்தார். "மனுஷாளுக்கு ஹால்ல ஏசி கெடையாது. வராத மீனுக்குக் குளுகுளு வசதி!" சித்திரை வெயிலில் வேர்வையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதால், எனக்குச் சிரிப்பை அடக்கத்தான் பெரும்பாடாக இருந்தது.

சுத்திகரித்த தண்ணீரில் உப்பைக் கரைத்து, அளவு பார்த்து, மணல் பரப்பி, கடைக்காரர் தன் தொட்டியில் ஊறப்போட்டிருந்த பாறையை வைத்து, ஊற்றினேன். ஒன்றும் தெரியவில்லை. மணல் கலங்கித் தொட்டி முழுக்கப் பாலாக வெளுத்திருந்தது. மறுநாள் காலையில் தெளிந்திருந்தது பாருங்கள், ஆஹா! அதற்குமேல் அவசரப்படக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பாறையில் குடியேறித் தண்ணீரைப் பக்குவப்படுத்தும் வரை மீன் விட முடியாது. வாரக்கணக்கில் வெறும் பாறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நடுவில் எல்லாம் பழுப்பேறி, துலக்காத கடாய் போல ஆனது. "இதான் உன் கடலா?" என்றார் அவர். பழுப்பு தானாகப் போயிற்று. ஒருநாள் கண்ணாடியில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி ஒன்று ஓடியது. நான் விடாமலே, பாறையோடு வந்து பிறந்த ஒரு ஜந்து! அன்று வகுப்பில் விஜயநகரப் பேரரசை நடத்தும்போது நடுவில் நானே சிரித்துவிட்டேன். பிள்ளைகள் என்ன நினைத்துக்கொண்டார்களோ.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் நத்தைகள். அப்புறம் பொத்தான் பொத்தானாக விரிகிற மென்பவளம். அப்புறம் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி மீன். கடைசியாக வந்தது ஒரு இறால். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு, உடம்பைவிட நீளமான வெள்ளை மீசை. மற்ற மீன்களின் உடம்பிலிருக்கும் அழுக்கைப் பொறுக்கித் தின்று சுத்தம் செய்வதுதான் அதன் பிழைப்பு.

"எறாவா?" என்று அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். மெரினா லூப் ரோட்டில் மீன் கடைகள் வரும்போது ஸ்கூட்டரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறவர் அவர். "நம்மாத்து ஹால்ல எறாவா?"

"சமைக்கவா கொண்டுவந்தேன்? சேவகம் பண்ண வந்திருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் ஒரு வாரத்தில் அவருடைய நாற்காலி டிவியை விட்டு முகம் திரும்பித் தொட்டியைப் பார்த்தது. ஒருநாள் சமையலறையில் இருந்தபோது ஹாலில் பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், மனுஷர் இறாலிடம் பேசிக்கொண்டிருக்கிறார். "என்ன ஓய், இன்னிக்கு வேலைக்குப் போகலையா?" எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கையில் தோசை மாவு இருந்ததால் பிழைத்தார்.

அந்த நேரத்தில்தான் ஆதம்பாக்கத்தில் என் தங்கை பெண்ணுக்குச் சீமந்தம் வந்தது. வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு மதியம் திரும்புவதாக ஏற்பாடு. தொட்டியில் தினமும் தண்ணீர் ஆவியாகிக் குறையும். உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தத் தண்ணீர் விட வேண்டும். கண்ணாடியில் கோடு போட்டு, பக்கத்தில் கேனை வைத்து, "இந்தத் தண்ணி மட்டும்தான், இந்தக் கோடு வரைக்கும்தான்" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஞாயிறு மதியம் வந்து கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. பவளம் முழுக்க இறுக மூடிக் கிடந்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்து மல்லாந்திருந்தன. மீன்கள் ஒரு மூலையில் ஒடுங்கி வேகவேகமாக மூச்சு வாங்கின. இறால் பாறைக்கடியில் படுத்திருந்தது, மீசையைக்கூடத் தூக்கவில்லை.

"என்ன தண்ணி விட்டேள்?"

"நீ வச்ச கேன் தண்ணிதான். கோடு தாண்டலை."

"வேற?"

அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "பிளாஸ்டிக் வாடை அடிச்சுது. பாவம், அதுகளும் வாயில்லா ஜீவன்தானேன்னு ராத்திரியே செப்புக் குடத்துல மாத்தி வச்சு, கார்த்தால விட்டேன். துளசி போடலாமான்னு கூட யோசிச்சேன். ஒத்துக்குமோ ஒத்துக்காதோன்னு விட்டுட்டேன்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரும், அவர் பூஜைக்கு எடுக்கிற தண்ணீரும் அந்தக் குடத்திலிருந்துதான். அதைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் இல்லை என்பது அவர் நம்பிக்கை. நமக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு விஷம். அதிலும் உப்போ சத்தோ இல்லாத அந்தக் கேன் தண்ணீர் ராத்திரி முழுக்கக் குடத்தில் இருந்தால் செம்பைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், பக்கத்து ஃபிளாட்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர் சுவரில் சாய்ந்து நின்று, "நல்லதுன்னு நெனச்சுண்டுதானே பண்ணினேன்" என்று ஒரு தடவைதான் சொன்னார். அதோடு நான் நிறுத்திக்கொண்டேன். கத்துகிற நேரமா இது?

வாரா வாரம் தண்ணீர் மாற்றுவதற்காகக் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீர் டிரம் பால்கனியில் இருந்தது. குழாய் போட்டுப் பழைய தண்ணீரை இறக்கினேன். கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தது.

"செம்பா? அய்யய்யோ! அத்த இழுக்குற பஞ்சு ஒண்ணு கீது மேடம். சாரை அனுப்பு, நா வந்து தொறக்குறேன். மெதுவா வரச்சொல்லு, நா எங்கியும் பூட மாட்டேன்."

மெதுவாகவா போவார்? மந்தைவெளியிலிருந்து அடையாறு போய்வந்த வேகத்தைப் பார்த்தால் ஸ்கூட்டர் தரையில் பட்டிருக்காது. அவர் வாங்கிவந்த பஞ்சையும் விஷம் உறிஞ்சும் கரியையும் பம்ப் வழியில் வைத்தோம். பக்கெட் பக்கெட்டாக அவர் தூக்கித் தர, நான் ஊற்றினேன். நத்தைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தேன். சாயங்காலத்துக்குள் அந்த வெள்ளைப் பஞ்சு லேசாக நீலம் பாரித்தது.

"இது நான் விட்டதா?" என்றார்.

"ஆமாம், அத்தனையும் செம்பு."

அன்று அவர் சாப்பிடவில்லை. பசிக்கலை என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை முதலில் தொட்டியிடம் போனது நான்தான். நத்தைகள் கண்ணாடியில் ஏறியிருந்தன. ஒரு கணம் குதிக்கப் போனேன். அப்புறம்தான் மணலைப் பார்த்தேன். இறால் பக்கவாட்டில் கிடந்தது. சிவப்பு, வெள்ளைக் கோடு, மீசை எல்லாம் அப்படியே இருந்தன. பம்ப் தண்ணீர் தள்ளின பக்கம் நகர்ந்தது, தானாக அசையவில்லை. நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பாசமாக வளர்த்த உயிரும் போயிற்று, இனித் தொட்டியும் போகும்.

குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு அவர் வந்தார். பார்த்தார்.

"போனது உன்னால இல்லை, என்னால. தொட்டியை எடுன்னு சொல்ல எனக்கு இனிமே வாய் கெடையாது. இருடி, அவனை நானே வெளியே எடுக்கறேன். வேற யாரும் தொட வேண்டாம்."

தோள் வரை கையை விட்டு, இரண்டு விரலால் அதைப் பிடித்துத் தூக்கினார். உள்ளங்கையில் வைத்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"என்னடி இது, கனமே இல்லை? உள்ளே ஒண்ணுமே இல்லையே!"

பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். முதுகில் பிளந்த வெறும் கூடு! இறால் வளரும்போது சட்டை உரிக்கும், தண்ணீரைச் சட்டென்று மாற்றினாலும் உரிக்கும் என்று நான் படித்ததுதான். அழுகிற அவசரத்தில் அத்தனையும் மறந்துபோயிருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடிவந்து பாறையின் பின்பக்கம் அடித்தேன். பொந்துக்குள்ளிருந்து புத்தம் புதிய இரண்டு வெள்ளை மீசைகள் வெளியே நீட்டி ஆடின.

"இருக்கு! ஏன்னா, இருக்கு! உசிரோட இருக்கு!"

"ஆள் உள்ளேயா இருக்கான்?" என்று அவர் அந்த இடுக்கிலேயே தலையை நுழைக்கப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர். தொட்டித் தண்ணீர் தெறித்தது என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மூன்று நாளில் பவளம் ஒவ்வொரு பொத்தானாக விரிந்தது. அந்த வார நடுவில், ஆபீஸ் கிளம்பும் நேரத்தில், கண்ணாடிப் பாசியைத் தான் துடைப்பதாகச் சொல்லி அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். நான் சமையலறையில் டப்பா கட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் சத்தமே இல்லை. என்னவென்று வந்து பார்த்தால், தண்ணீருக்குள் விட்ட கையை ஆட்டாமல் அசைக்காமல் சிலையாக நிற்கிறார். இறால் பொந்தை விட்டு வந்து அவர் கைமேல் ஏறி, நுணுக்கு நுணுக்குக் காலால் அவர் நகத்து ஓரத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

கீழே அவரை அழைத்துப் போக வந்த நண்பர் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார்.

"ஏன்னா, நாழியாச்சு, கையை எடுங்கோ!"

"கத்தாதே, பயந்துக்கும்" என்றார், உதட்டை மட்டும் அசைத்து. "அவரைப் போகச் சொல்லு. இன்னும் ரெண்டு விரல் பாக்கி இருக்கு."